‘அது என் ரோடு இல்லை!’ – தெருக் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், ‘தெருவைப் பற்றியும் போக்குவரத்தைப் பற்றியும் உங்கள் கவுன்சிலரிடம் கேட்டதை, கேட்க நினைத்ததை எனக்கு எழுதுங்கள்’ என்று சொல்லியிருந்தேன். கட்டுக்கட்டாக வந்துவிட்டது. மாநகராட்சி ஒன்றின் சாலைப் பிரிவில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, பதவி உயர்வு வராமல் அதே நாற்காலியில் ரொம்ப காலம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதில்கள். ஊர், தெரு, வார்டு எண் எல்லாவற்றையும் கடிதங்களிலிருந்து எடுத்துவிட்டேன். உங்கள் கவுன்சிலரும் இந்தப் பத்திரிகை படிப்பவராக இருக்கலாம். அடுத்த வாரம் நீங்கள் மறுபடி அவர் வாசலில் போய் நிற்க வேண்டுமே!

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு நர்சரி பள்ளி இருக்கிறது. காலை எட்டரை மணிக்கு வேனும் பைக்கும் பறக்கின்றன. வேகத்தடை கேட்டு கவுன்சிலரை மூன்று தடவை பார்த்துவிட்டோம். ‘பண்ணிடலாம்மா’ என்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. (ஒரு வாசகி)

அந்தப் ‘பண்ணிடலாம்மா’வை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். வாயால் கேட்டதற்கு வாயாலேயே வந்த பதில் அது. அவரையும் சும்மா குறை சொல்லக் கூடாது. காலையில் பல் துலக்குவதற்குள் பத்துப் பேர் வந்து வாயால் கேட்டுவிட்டுப் போகிறார்கள். மாலைக்குள் எது வேகத்தடை, எது குப்பைத்தொட்டி என்று அவருக்கே கலந்துபோயிருக்கும்.

ஆனால் வாயால் கேட்டதை உடனே செய்துவிட்டால் என்ன ஆகும் என்றும் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம். ஒரு கவுன்சிலர் சாயங்காலம் ஆபீசுக்கே வந்து, ‘ராத்திரிக்குள்ள அந்தத் தெருவுல ஒரு ஸ்பீட் பிரேக்கர் விழுந்தாகணும்’ என்றார். வேறொரு இடத்தில் பேட்ச் ஒர்க் முடித்த லாரியில் கொஞ்சம் தார்க்கலவை மிச்சம் இருந்தது. ரோலர் போய்விட்டது. ஆட்கள் மண்வெட்டியால் குவித்து, அதன் மேல் லாரியையே இரண்டு தடவை ஏற்றி இறக்கினார்கள். மறுநாள் காலையில் டேப் வைத்துப் பார்த்தேன். உயரம் 18 சென்டிமீட்டர். அகலம் இரண்டடிகூட இல்லை. வேகத்தடை என்று சொல்ல முடியாது, வயல் வரப்பு. முதலில் விழுந்தது சைக்கிள் பால்காரர். இரண்டாவதாக, அதே கவுன்சிலரின் அம்பாசிடரில் சைலன்சர் பிய்ந்தது.

பதினோராம் நாள் அதே தெருவிலிருந்து ஒரு மனு வந்தது, எடுக்கச் சொல்லி. மூலை வீட்டுக்காரர் ராத்திரி முழுக்க ‘தடார், தடார்’ என்று தூக்கமில்லை என்றார். கடப்பாரை போட்டுப் பெயர்த்ததில் அந்த இடத்தில் நீளமாக ஒரு பள்ளம் விழுந்தது. அந்த மழைக்காலம் முழுக்க பள்ளம்தான் வேகத்தடை. நல்லாவே வேலை செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு ஓர் அளவு இருக்கிறது. சாலைகளுக்கு அளவு வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் 99-ம் எண் வழிகாட்டி நூல் சொல்வது, வட்டமாக எழும்பி இறங்கும் மேடு, அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். அதாவது பன்னிரண்டடி அகலத்துக்கு நாலு அங்குல உயரம். மணிக்கு 25 கிலோமீட்டரில் வரும் வண்டி குலுங்காமல் ஏறி இறங்கும், அதைவிட வேகமாக வந்தால் இடுப்பு சொல்லும். 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை, மேட்டின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டை. பலகையும் பட்டையும் இல்லாத மேட்டில் ராத்திரி ஒருவர் விழுந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர். அதனால்தான் நல்ல ஏ.இ. யாரும் காகிதம் இல்லாமல் வேகத்தடை போட மாட்டார்.

எனவே நீங்கள் செய்ய வேண்டியது, ஒரே பக்கத்தில் ஒரு மனு. பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எத்தனை பிள்ளைகள், வாசலிலிருந்து எத்தனை அடியில் மேடு வேண்டும், தெரு எவ்வளவு அகலம். மூன்று நாள் காலை எட்டேகாலிலிருந்து ஒன்பது வரை யாராவது திண்ணையில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணி அந்தக் கணக்கையும் சேருங்கள். நூறு கையெழுத்தைவிட அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு அதிகம். பள்ளியின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்குங்கள். மேடு எந்த இரண்டு வீட்டுக்கு நேராக வரப்போகிறதோ அந்த வீட்டுக்காரர்களிடம் ‘ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், பிறகு வேலை இதில்தான் நின்றுபோகிறது. கவுன்சிலருக்கு ஒன்று, மண்டல அலுவலகத்துக்கு ஒன்று, போக்குவரத்துக் காவல் ஆய்வாளருக்கு ஒன்று. உங்கள் நகலில் தபால் பிரிவு சீல் வாங்காமல் படி இறங்காதீர்கள்.

கேள்வி: மெயின் ரோட்டில், சிக்னலுக்குப் பக்கத்தில் பெரிய பள்ளம். கேட்டால் கவுன்சிலர் ‘அது என் ரோடு இல்லை’ என்கிறார். எங்கள் வார்டுக்குள் இருக்கும் ரோடு எப்படி அவர் ரோடு இல்லாமல் போகும்? தப்பிக்கிறாரா? (ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, பெரும்பாலும் அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். வார்டுக்குள் இருப்பதாலேயே ஒரு ரோடு வார்டுக்குச் சொந்தமாகிவிடாது. தேசிய நெடுஞ்சாலைக்கு ஒரு முதலாளி, மாநில நெடுஞ்சாலைக்கு இன்னொருவர். சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சிக்குள்ளேயே பேருந்து தடச் சாலைகளுக்குத் தனித் துறை இருக்கிறது, அவை ஏறக்குறைய 387 கிலோமீட்டர். மற்ற உட்புறச் சாலைகள், 5,000 கிலோமீட்டருக்கும் மேல், மண்டலங்களின் கையில். ஒரே சந்திப்பில் நின்று பார்த்தால் இடது பக்கம் ஒரு பொறியாளர், வலது பக்கம் வேறொரு பொறியாளர். பள்ளம் சரியாக எல்லைக்கோட்டில் விழுந்தால் அதற்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

புறநகரில் இன்னொரு வகையும் உண்டு. மனை பிரித்து விற்றவர் ரோட்டைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமலே போய்விட்டால், முப்பது வருஷம் பஸ் ஓடினாலும் காகிதத்தில் அது தனியார் நிலம். அதில் தார் போட எஸ்டிமேட் போட்டால் தணிக்கையில் மாட்டும். உங்கள் தெரு மட்டும் ஏன் விட்டுப்போகிறது என்று ஆண்டாண்டாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் முதலில் இந்தப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, ‘என் ரோடு இல்லை’ என்று சொன்னதும் நீங்கள் திரும்பி வந்துவிட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் விட்டுவிட்டீர்கள். ‘அப்போ யார் ரோடு? அவங்களுக்கு உங்க லெட்டர்பேடுல ஒரு கடிதம் கொடுங்க, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்’ என்று கேட்டிருக்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் மேஜையில் தனிமனிதர் மனு ஒரு இடத்தில் இருக்கும், மக்கள் பிரதிநிதியின் கடிதம் வேறு இடத்தில் இருக்கும். எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: தெருவிளக்கு இருபது நாளாக எரியவில்லை. யாரிடம் சொல்வது? (ஒரு கல்லூரி மாணவி)

கம்பத்தில் ஓர் எண் எழுதியிருக்கும். அதைச் சொல்லிப் புகார் கொடுங்கள். ‘பிள்ளையார் கோயிலுக்கு எதிரில்’ என்றால் லைன்மேனுக்கு எத்தனை பிள்ளையார் தெரியுமா? சென்னை என்றால் 1913-க்கு அழைக்கலாம். ரிப்பன் மாளிகை திறந்த ஆண்டும் 1913 தான், நினைவில் நிற்கும். புகார் எண் வாங்கி வையுங்கள். இதற்கெல்லாம் கவுன்சிலரைத் தேடிப் போக வேண்டாம். ஒரு வாரம் கழித்தும் எரியாவிட்டால் புகார் எண்ணோடு போங்கள்.

கேள்வி: ஏழு வருஷம் காத்திருந்து ரோடு போட்டார்கள். மூன்றாம் வாரம் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிவிட்டார்கள். வயிறு எரிகிறது. இதைக் கேட்க ஆளே இல்லையா? (ஒரு ஆட்டோ ஓட்டுநர்)

எனக்கும் எரிந்திருக்கிறது, தம்பி. நான் நின்று போட்ட ரோடு அது. ரோலர் போன சூடு ஆறுவதற்குள் இன்னொரு துறையின் ஆள் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் சண்டைக்குப் போனேன். அனுமதிக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். கையெழுத்து எங்கள் ஆபீசுடையதுதான். வேறு டேபிள்.

தோண்டுகிறவர் முதலில் உள்ளாட்சியிடம் சாலை வெட்டு அனுமதி வாங்க வேண்டும். மறுபடி மூடிச் சீர்செய்வதற்கான பணத்தையும் கட்டியிருப்பார். அந்தப் பணம் கட்டப்பட்டதா, எப்போது சீர்செய்வார்கள் என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். ‘ஏன் தோண்டினீங்க’ என்று கத்தினால், ‘தண்ணி வேண்டாமா?’ என்று திருப்பிக் கேட்பார்கள், வாயடைத்துப் போய்விடும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான், நம் மாநிலத்தில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாலும் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். எந்தத் தேதியில் வெட்ட அனுமதி, எத்தனை மீட்டர், எவ்வளவு பணம், ரோடு போட்ட ஒப்பந்தக்காரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (ரோடு கெட்டால் அவரே சரிசெய்து தர வேண்டிய காலம்) எதுவரை. இந்த நாலு கேள்வி மட்டும். ‘ஊழல் நடந்ததா?’ என்று கேட்காதீர்கள், அதற்குக் கோப்பில் பதில் இருக்காது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2-ம் பிரிவு வேலையைப் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியை எடுத்துக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை தருகிறது. தார்ச்சாலையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து அளந்து பார்க்கலாம் என்று அர்த்தம். என் சர்வீசில் ஒரே ஒருவர்தான் அதைக் கேட்டார். அந்தத் தெருவில் அடுத்த வேலை நடந்தபோது, ரோலர் ஓட்டுபவர் வரைக்கும் எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டோம்.

பதில் வந்ததும் அதைக் கவுன்சிலரிடம் கொடுங்கள். மன்றக் கூட்டத்தில் எழுந்து பேச அவருக்கும் ஏதாவது வேண்டுமல்லவா? தேதியும் மீட்டரும் கையில் இருந்தால் கமிஷனரே திரும்பிப் பார்ப்பார்.

கேள்வி: ரோடு உயர்ந்துகொண்டே போகிறது, எங்கள் வீடு இறங்கிக்கொண்டே போகிறது. மழை பெய்தால் கூடத்துக்குள் தண்ணீர். (பல வாசகர்கள்)

இதே கேள்வியோடு பதினெட்டுக் கடிதங்கள். என் அக்கா வீட்டில் கட்டியபோது வாசலுக்கு மூன்று படி. அவள் தினமும் மூன்று படி இறங்கித் தெருவில் கோலம் போடுவாள். இப்போது படி இல்லை. தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டும். புரட்டாசி பிறந்தால் வாசலில் மணல் மூட்டை. அந்தத் தெருவுக்கு ஒரு தடவை தார் போட்ட எஸ்டிமேட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது. பொங்கலுக்குப் போனால் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

கணக்கு சாதாரணம். ஒரு தடவைக்கு 40 மில்லிமீட்டர் என்று வைத்தாலும், ஐந்து தடவையில் 20 சென்டிமீட்டர். ஒரு படி போய்விட்டது. பழையதைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் செலவும் குறைவு, வேலையும் ஒரே ராத்திரியில் முடியும். அதனால் எல்லோருக்கும் வசதி, வீட்டுக்காரரைத் தவிர.

பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மட்டம் உயராமல்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021 மே மாதமே அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு அறிவுறுத்தியிருக்கிறார். மில்லிங் என்று சொல்வார்கள். உங்கள் தெருவுக்கு வேலை வருகிறது என்று கேள்விப்பட்ட உடனே, ஜல்லி இறங்குவதற்கு முன்னால், கவுன்சிலரிடம் ஒரே கேள்வி: ‘எஸ்டிமேட்டில் மில்லிங் இருக்கிறதா?’ இருக்கிறது என்றால், உங்கள் வாசல்படியிலிருந்து ரோடு வரை இன்றைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, சுவரில் ஒரு ஆணி அடித்துப் படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்த மறுநாள் மறுபடி அளங்கள். ரோடு போட்ட பிறகு வந்து அழுதால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. போட்ட தாரை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்து நான் பார்த்ததில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். அந்தப் பதினெட்டில் ஐந்து பேர் படமும் அனுப்பியிருந்தார்கள். மூன்று படத்தில், கார் ஏற்றுவதற்காக வாசலில் போட்ட சிமென்ட் சாய்தளம் மழைநீர் வடிகாலின் மேலேயே நிற்கிறது. தண்ணீர் எங்கே போகும்?

கேள்வி: மேம்பால வேலைக்காக மெயின் ரோட்டை ஒன்வே ஆக்கினார்கள். அன்றிலிருந்து எங்கள் 20 அடித் தெருதான் ஹைவே. போன் மேப் பார்த்து வேற்றூர் லாரிகூட வருகிறது. கவுன்சிலரிடம் சொன்னால் ‘போலீஸ்கிட்ட சொல்லுங்க’ என்கிறார், போலீஸிடம் போனால் ‘கவுன்சிலரைக் கூட்டிட்டு வாங்க’ என்கிறார்கள். (குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்)

இருவரும் சேர்ந்து உங்களைப் பந்தாடுகிறார்கள் போலத் தெரியும். ஆனால் இதில் போலீஸ் சொன்னதுதான் சரியான வழி. ஒன்வே, கனரக வாகனத் தடை, நிறுத்தத் தடை எல்லாம் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வருகிறவை. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115-ம் பிரிவு தடை விதிப்பது பற்றி, 116 பலகைகள் பற்றி, 117 வண்டி நிறுத்தும் இடங்களும் பஸ் நிறுத்தமும் பற்றி. அந்த 117-ல், உள்ளாட்சியைக் கலந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்று இருக்கிறது. உள்ளாட்சி என்றால் உங்கள் வார்டைப் பொறுத்தவரை யார்? கவுன்சிலரால் லாரியை நிறுத்த முடியாது. லாரியை நிறுத்தச் சொல்லி எழுத முடியும். மாவட்டங்களில் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு கூடுகிறது, அங்கேயும் உங்கள் மனுவைக் கொண்டுபோகச் சொல்லலாம்.

என்ன கேட்பது என்பதில் தெளிவாக இருங்கள். ‘எங்கள் தெருவில் வண்டியே வரக் கூடாது’ என்று கேட்டால் தள்ளுபடிதான், பொதுத் தெரு அது. ‘காலை 7 முதல் 10 வரை கனரக வாகனம் வேண்டாம். நுழையும் முனையில் உயரக் கட்டுப்பாட்டுக் கம்பி வேண்டும்’ என்று கேட்டால் பேச இடம் உண்டு. கம்பி கேட்பதற்கு முன் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் எந்த வழியாக வரும் என்பதைப் படம் வரைந்து காட்டுங்கள். எதிர்தரப்பு கேட்கப்போகும் முதல் கேள்வி அது. சங்கத்தினர் சேர்ந்து தெரு நடுவில் கல்லையும் டிரம்மையும் வைத்து மறித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ராத்திரி ஒருவர் மோதினால் மனு போட்ட நீங்களே குற்றவாளி.

கேள்வி: நடைபாதை முழுக்கத் தள்ளுவண்டிக் கடைகள். கவுன்சிலர் ஓட்டுக்காக விட்டுவைத்திருக்கிறார். எப்படி அகற்றுவது? (ஒரு வாசகர்)

நினைத்த மாத்திரத்தில் அகற்ற முடியாது. சாலையோர வியாபாரிகளுக்கென்று 2014-இல் மத்தியச் சட்டம் வந்துவிட்டது. கணக்கெடுத்து, அடையாள அட்டை கொடுத்து, எங்கே விற்கலாம் எங்கே கூடாது என்று நகர விற்பனைக் குழு முடிவு செய்ய வேண்டும். குழுவில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளே. இடம் மாற்றுவதென்றாலும் 30 நாள் நோட்டீஸ்.

என் சொந்தக் கருத்தையும் கேளுங்கள். நடைபாதையில் நடக்க 1.8 மீட்டர் விட்டுவிட வேண்டும் என்பது வழிகாட்டி அளவு. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். கீரைக்கார அம்மா எவ்வளவு எடுத்திருக்கிறார், அவர் பின்னால் இருக்கும் பெரிய கடை தன் பெயர்ப்பலகையையும் ஜெனரேட்டரையும் வாடிக்கையாளர் பைக்குகளையும் வைத்து எவ்வளவு எடுத்திருக்கிறது? இரண்டையும் எழுதிக் கொண்டுபோங்கள். நான் ஆக்கிரமிப்பு அகற்றப் போன நாட்களில் லாரியில் ஏறியது எப்போதும் கீரைக்கூடைதான். ஜெனரேட்டர் ஒருநாளும் ஏறவில்லை.

கேள்வி: எங்கள் கவுன்சிலர் ஒரு பெண். ஆனால் போனை எடுப்பதும் பேசுவதும் அவர் கணவர்தான். யாரிடம் மனு கொடுப்பது? (ஒரு வாசகி)

கவுன்சிலரிடம். கணவர் நல்லவராகவே இருக்கட்டும், டீ கொடுத்தால் குடியுங்கள். மனுவை மட்டும் அந்த அம்மா கையில் கொடுத்து, அவர் படிக்கும்வரை நில்லுங்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் வந்தது. மன்றத்தில் எழுந்து பேச அவருக்கு மட்டும்தான் உரிமை, கணவருக்கு வாசல்வரைதான். நான் பார்த்தவரையில், முதல் ஆறு மாதம் கணவர் பேசுவார். பிறகு தெருப் பெண்கள் நேரே அவரிடமே வந்து கேட்டுக்கேட்டு, அந்த அம்மாவே எங்களை மிரட்டத் தொடங்கிவிடுவார்.

கேள்வி: கவுன்சிலருக்குச் சம்பளம் எவ்வளவு?

சம்பளம் என்று கிடையாது, மதிப்பூதியம். 2023 ஜூலை முதல் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய், நகராட்சியில் 5,000, பேரூராட்சியில் 2,500. கல்யாண மொய்க்கே பத்தாது என்று ஒருவர் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

கேள்வி: பகுதி சபை என்கிறார்களே, அது என்ன? எங்களை யாரும் கூப்பிட்டதே இல்லை. (ஒரு வங்கி ஊழியர்)

கிராமத்தில் கிராம சபை இருப்பதுபோல நகரத்தில் வார்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து வைப்பது பகுதி சபை. சிலர் ஏரியா சபை என்பார்கள். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சம் மக்கள்தொகைக்கு மேலுள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்றது. நம் மாநிலத்தில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் 2022-இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைகளின் முதல் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே உட்கார்ந்து கேட்டார்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய காலத்தை நினைத்துப் பாருங்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை நகரங்களில் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்கள்தான். ஐந்து வருஷத்துக்கும் மேல். பள்ளத்தைப் பற்றி யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஆட்கள் நேரே என் டேபிளுக்கு வந்து கத்திவிட்டுப் போனார்கள். அப்போதுதான் எனக்கே கவுன்சிலர்களின் அருமை புரிந்தது. முன்பெல்லாம் அந்தத் திட்டை அவர்கள் வாங்கி, வடிகட்டி, பாதிதான் எங்களிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

உங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறீர்கள். கூப்பிட்டிருப்பார்கள். ரேஷன் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், நீங்கள் ரேஷன் கடைப் பக்கம் போவதில்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். போனால் உங்கள் தெருவைப் பற்றி மட்டும் பேசுங்கள், அதையும் இரண்டு நிமிஷத்தில். சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கையோடு பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கூட்டத்தில் பேசியதெல்லாம் அந்தப் புத்தகத்தில் ஏறிவிடும் என்று நினைப்பவர்கள் எந்த ஆபீசிலும் வேலை பார்த்ததில்லை.

கேள்வி: நானே ஒரு கவுன்சிலர். காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கும். எந்தத் தெரு, எந்த இடம் என்று இருக்காது. ‘நீங்க எதுக்கு இருக்கீங்க’ என்ற வரி மட்டும் தவறாமல் இருக்கும். செய்ததை யாரும் சொல்வதில்லை. அதிகாரிகளும் ஒத்துழைப்பதில்லை. எனக்கும் ஏதாவது வழி சொல்லுங்களேன்.

அம்மா, இத்தனை கடிதங்களில் உங்களுடையதுதான் எனக்கு எதிர்பாராதது. ஓர் உதாரணம் சொல்கிறேன். என்னோடு வேலை செய்த ஒரு கவுன்சிலர், ஏழாம் வகுப்போடு நிறுத்தியவர், பலசரக்குக் கடைக்காரர். ஒரு நீள நோட்டு வைத்திருந்தார், கடையில் கடன் எழுதும் அதே மாதிரி நோட்டு. ஒரு தெருவுக்கு ஒரு பக்கம். இடது பக்கம் யார் என்ன கேட்டார், எந்தத் தேதி. வலது பக்கம் எந்த ஆபீசில் கொடுத்தார், யார் வாங்கினார். வசூலானதும் கடனை அடிப்பதுபோல, வேலை முடிந்தால் குறுக்கே ஒரு கோடு.

மாதம் ஒரு வியாழக்கிழமை காலை என்னை வரச்சொல்லி, நோட்டோடு இரண்டு தெரு நடப்போம். ‘ஏ.இ. சார், இது மூணு மாசப் பாக்கி’ என்பார், கடன்காரனைக் கேட்பதுபோல. அதிகாரிகள் ஒத்துழைக்கவில்லை என்கிறீர்கள். பொதுவாகக் கேட்டால் நாங்கள் பொதுவாகவே தலையாட்டுவோம். நோட்டைப் பிரித்துத் தேதி சொன்னால் தலையாட்ட முடியாது. நான் அவருக்குப் பயந்த அளவுக்கு என் மேலதிகாரிக்குப் பயந்ததில்லை. வாட்ஸ்அப் படம் அனுப்புகிறவர்களிடம், ‘தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லாத படத்தை நோட்டில் ஏற்ற மாட்டேன்’ என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். பத்து நாளில் பழகிவிடுவார்கள். செய்து முடித்ததை நீங்களே போய்ச் சொல்லிக்கொள்ள வேண்டாம், கோடு போட்ட பக்கத்தைப் படம் எடுத்து அதே குழுவில் போடுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தோடு, இப்படித்தான் வருகிறது என்று காட்ட நாலு படங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். மூன்றாவது படத்தில் மழைநீர் வடிகாலின் மூடி இல்லை. யாரோ ஒரு வேப்பங்கிளையை ஒடித்து நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். பின்னால் ஒரு டியூஷன் சென்டர் போர்டு தெரிகிறது. அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். இதைப் படித்ததும் உங்கள் ஏ.இ.க்குப் போன் போடுங்கள்.